மையவிலக்கு விசை: யாருடைய கூற்று?

"வண்டி வளைவில் திரும்பும்போது மையவிலக்கு விசை நம்மை வெளியே தள்ளுகிறது." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். நோட்ஸ் புத்தகங்கள் வழிவழியாக இதைச் சுமந்து வருகின்றன. கயிற்றில் கட்டிய கல், குடை ராட்டினம், சலவை இயந்திரம் என்று மூன்று உதாரணங்களை அடுக்கிவிட்டால் விடை முழுமை பெறுகிறது, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

இதற்கு நேரெதிராக ஒரு கட்சி உண்டு. கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் இக்கட்சியைச் சேர்ந்தவர்கள். "மையவிலக்கு விசை என்று ஒன்று கிடையவே கிடையாது. அது பொய் விசை. மையநோக்கு விசை மட்டுமே மெய்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்கள். கேட்ட பிள்ளை, பேருந்து திரும்பும்போது தன் தோள் கம்பியில் மோதியது பொய்யா என்று கேட்க அஞ்சி வாயை மூடிக்கொள்ளும்.

இவ்விரு வாக்கியங்களும் ஒரே குறையுடையவை என்பதே எங்கள் வாதம். சொல்பவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதை இரண்டுமே மறைத்துவிடுகின்றன. இந்தக் குறை தேர்வுத்தாளோடு முடிந்துபோவதாக இருந்தால் நாங்கள் இவ்வளவு நீளமாக எழுதப் போவதில்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால் இருக்கும் சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில், அது ஒவ்வொரு நாளும் ஷிப்டு நேரத்தில் சாலையில் ஓடுகிறது.

இலக்கியம் பேச வந்தவர்களுக்கு விசையோடு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சொல்லைப் பற்றியும் கூற்றைப் பற்றியும் பேசுவது எங்கள் வேலை. இங்கே கோளாறு இருப்பது அவ்விரண்டிலும்தான்.

முதலில் சொல்

ஓடும் நதிக்குப் பெயர் வைப்பதுபோல் ஒரு விசைக்குப் பெயர் வைத்துவிட முடியாது. பெயரே பாதி விளக்கமாகிவிடும். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659 ஆம் ஆண்டில் இவ்விசையைப் பற்றி லத்தீனில் ஒரு சிறுநூல் எழுதினார். 1673 இல் வெளிவந்த தமது ஊசல் கடிகார நூலின் இறுதியில் அதன் முடிவுகளை மட்டும் நிரூபணம் இன்றி அச்சிட்டார். முழு நூல் அவர் மறைந்த பின்பு 1703 இல்தான் வெளிவந்தது. அவர் வைத்த லத்தீன் பெயரின் பொருள் "மையத்தை விட்டு ஓடுவது" என்பதாகும். பின்னர் நியூட்டன் அதற்கு இணையாக "மையத்தை நாடுவது" என்ற பொருளில் மற்றொரு பெயரை உருவாக்கினார். இரண்டாவதைத் தமிழில் மையநோக்கு விசை என்றோம். அது பொருத்தமான ஆக்கம். முதலாவதை மையவிலக்கு விசை என்றோம். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

விலகுதல் தன்வினை. விலக்குதல் பிறவினை. காந்தத்தின் ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே "மையவிலக்கு விசை" என்று சொன்னால் பிள்ளை என்ன நினைக்கும்? மையத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு பொருளை வெளியே தள்ளுவதாகத்தான் நினைக்கும். லத்தீன் சொல்லில் ஓடுவது பொருள். தமிழ்ச் சொல்லில் தள்ளுவது மையம். க் என்ற ஒரே ஒற்று செய்த வேலை இது.

இதற்காகச் சொல்லை மாற்றிவிட வேண்டும் என்று நாங்கள் கொடி பிடிக்கவில்லை. மூன்று தலைமுறை பயன்படுத்திய சொல் அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், "இங்கே மையம் யாரையும் விலக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தமிழில் அறிவியல் முடியாது என்று இதைச் சாக்காக வைத்துக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளும் இதே வாக்கியத்தை, இதே மூன்று உதாரணங்களோடு, இதே புரியாமையோடுதான் ஒப்பிக்கிறார்கள். அவர்கள் லத்தீன் வேரின் பொருள் அறிந்து படிப்பதில்லை. தமிழ்ச் சொல் குறைந்தபட்சம் பொருள் தருகிறது. பொருள் தருவதால்தான் அதன் பிழையையும் நம்மால் சுட்ட முடிகிறது.

கவண் சொல்லும் சாட்சி

மையம் வெளியே தள்ளுகிறது என்பது உண்மையானால் அதைச் சோதிப்பது எளிது. தினைப்புனம் காத்தவர்கள் கையில் இருந்த கவணே போதும். தலைக்கு மேல் சுழலும் கவணிலிருந்து விடுபடும் கல் எந்தத் திசையில் போகும்? வெளியே தள்ளும் விசை ஒன்று இருந்தால், கயிற்றின் நீட்சியாக, கையிலிருந்து நேர் எதிரே பறந்திருக்க வேண்டும். அப்படிப் பறப்பதில்லை. விடுபட்ட கணத்தில் அது எந்தப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமாக, வட்டத்தின் தொடுகோட்டில் செல்கிறது. கவண் எறிந்து பழகியவர் கல்லைக் குறிக்கு நேராகக் கை வரும்போது விடுவதில்லை. கால் வட்டம் முன்னதாகவே விட்டுவிடுவார். எந்தப் பாடநூலும் படிக்காமல் அவர் கைக்குத் தெரிந்திருந்தது தொடுகோடு.

மழைநாளில் மட்கார்டு இல்லாத சைக்கிளில் போனவர்களின் முதுகும் இதையே சொல்லும். சக்கரத்தை விட்டுப் பிரியும் சேறு ஆரத்தின் வழியே பாய்வதில்லை. தொடுகோட்டில் கிளம்பிச் சட்டையில் கோடு போடுகிறது.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. சுழலும் பொருளுக்கு வெளியே போகும் ஆசை ஏதுமில்லை. நேராகப் போவதுதான் அதன் இயல்பு. இதை நிலைமம் என்கிறோம். நேராகப் போக முயலும் பொருளை ஒவ்வொரு கணமும் உள்நோக்கி இழுத்து வளைக்க ஏதேனும் ஒன்று வேண்டும். கல்லுக்குக் கயிறு. மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு மரச்சுவர். பூமியைச் சுற்றும் நிலவுக்கு ஈர்ப்பு. பேருந்துக்குத் தார்ச்சாலையின் உராய்வு. பேருந்துக்குள் நிற்பவருக்கு அவர் பற்றியிருக்கும் கம்பியும் காலடித் தரையும்.

சாலையோரம் நின்று பார்ப்பவர் காணும் காட்சி இதுதான். பேருந்து வலப்புறம் திரும்புகிறது. உள்ளே நிற்பவர் நேராகப் போக முயல்கிறார். பேருந்தின் தரை அவர் காலடியிலிருந்து வலப்புறம் நகர்ந்துவிடுகிறது. அவரை யாரும் இடப்புறம் தள்ளவில்லை. பேருந்துதான் அவரை விட்டு வலப்புறம் போகிறது.

இனி கூற்று

இந்த இடத்தில் இரண்டாம் கட்சியார் வெற்றி முழக்கம் இடுவார்கள். "பார்த்தீர்களா, தள்ளும் விசை இல்லை. பொய் விசை என்று நாங்கள் சொன்னது சரியாயிற்று" என்பார்கள். அவர்களிடம் எங்களுக்குக் கூடுதல் வழக்கு இருக்கிறது.

அகப்பாடலைப் படிக்கும்போது நாம் முதலில் கேட்பது யார் கூற்று என்பதைத்தான். தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது எழுத்து, அசை, சீர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கூற்று, கேட்போர், களன் என்பவற்றையும் உறுப்பாகவே எண்ணுகிறது. சொல்பவர் யார், கேட்பவர் யார், எந்த இடத்தில் என்பது தெரியாமல் பாடலின் பொருள் நிற்காது என்பது அதன் துணிபு. தலைவன் கொடியவன் என்று தோழி சொன்னால் அது ஒரு பொருள். அதையே பரத்தை சொன்னால் வேறு பொருள். இவற்றில் எது மெய் எது பொய் என்று நாம் வழக்காடுவதில்லை. கூற்றை அறிந்து பொருள் கொள்கிறோம்.

இயற்பியல் இதைக் குறிப்பாயம் என்கிறது. சாலையோரம் நிற்பவர் கூற்றில் மையவிலக்கு விசைக்கு இடமில்லை. அவர் கணக்கில் நிலைமமும் மையநோக்கு விசையும் போதும். பேருந்துக்குள் இருப்பவர் கூற்று வேறு. அவருக்குப் பேருந்துதான் உலகம். அந்த உலகத்தில் அவர் அசையாமல் நிற்கிறார். ஆனால் கை கம்பியை இழுத்துப் பிடித்திருக்கிறது. கம்பி அவரை ஒரு பக்கம் இழுத்தும் அவர் அசையாமல் இருக்கிறார் என்றால், மறுபக்கம் சமமான ஒன்று இழுக்கிறது என்றுதான் அவர் கணக்கெழுத முடியும். அந்த ஒன்றுக்குப் பெயர் மையவிலக்கு விசை. அவர் கணக்கில் அது இல்லாவிட்டால் கணக்குத் தப்பும்.

ஹைகன்ஸ் இதை மறைக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. 1659 ஆம் ஆண்டுச் சிறுநூலில் அவர் சுழலும் பெரிய சக்கரம் ஒன்றில் ஓர் ஆளைப் பொருத்துகிறார். அவன் கையில் நூலும் நூல்முனையில் ஈயக்குண்டும் கொடுக்கிறார். நூல் இழுபடுவதை உணர்வது அந்த ஆள். விசை அவனுடைய கூற்றாகவே அறிமுகமாகியது. பிற்காலத்தில் சக்கரத்தின் மேலிருந்த அந்த மனிதனை இறக்கிவிட்டு, அவன் சொன்னதை மட்டும் எடுத்துப் பாடமாக்கிவிட்டார்கள். ஒரு கட்சி அதைப் பொதுவுண்மை ஆக்கிற்று. மறுகட்சி அதைப் பொய் என்றது. இரண்டு கட்சிகளுக்கும் அந்த ஆள் தேவைப்படவில்லை.

பொய் விசை என்று சொல்கிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் நிற்கும் பூமியே சுழல்கிறது. சென்னை வட்டாரத்தில் நிற்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஸ்பிரிங் தராசில் நிறுத்தினால், பூமி சுழலாதிருந்தால் காட்டக்கூடிய எடையைவிட ஏறத்தாழ 200 கிராம் குறைவாகக் காட்டும். வகுப்பில் நாம் போடும் 9.8 என்ற ஈர்ப்பு முடுக்க எண்ணுக்குள்ளேயே பூமிச் சுழற்சியின் மையவிலக்குப் பங்கு கழிக்கப்பட்டிருக்கிறது. ஒரு விசை இல்லவே இல்லை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதைக் கழித்த எண்ணைப் பயன்படுத்துவது என்ன நியாயம்?

அன்றாட உதாரணங்களை மறுபடி படித்தல்

உதாரணங்களின் மீது எங்களுக்குப் புகார் இல்லை. சமையலறையிலும் தெருவிலும் கிடைப்பதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேறில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு கூற்றிலும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

சலவை இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 700 சுற்று, உருளையின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் சுவரில் ஒட்டிய துணிக்குத் தேவைப்படும் முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 110 மடங்கு. துணியின் கூற்று: என் எடையைப்போல் நூற்றுப்பத்து மடங்கு விசை என்னைச் சுவரோடு அழுத்துகிறது, நீர் என்னிலிருந்து வெளியே பிழியப்படுகிறது. வெளியே நிற்பவர் கூற்று: சுவர் துணியை உள்நோக்கித் தள்ளி வட்டத்தில் வைத்திருக்கிறது. துளை இருக்கும் இடத்தில் நீரைத் தள்ளச் சுவர் இல்லை. எனவே நீர் தன் போக்கில் நேராகப் போய்விடுகிறது. இரண்டும் சரி. இரண்டின் கணக்கும் ஒரே விடையைத் தரும்.

தண்ணீர் நிறைந்த வாளியைச் செங்குத்தாகச் சுழற்றுவது சிறுவர்களுக்குப் பிடித்த வித்தை. தோளிலிருந்து நீர் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உச்சியில் வாளியின் வேகம் நொடிக்கு 3.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு சுற்று. அதற்கு மேல் தாமதித்தால் தலை நனையும். உச்சியில் நீர் விழாமல் இருக்கிறது என்று சொல்வதும் ஒரு கூற்றுதான். தரையில் நிற்பவர் பார்வையில் நீர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கை வாளியை அதைவிட வேகமாகக் கீழே வளைத்துக் கொண்டுபோகிறது, அவ்வளவே.

பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரம் மனப்பாட வாக்கியத்தைக் கவிழ்த்துவிடும். எல்லாவற்றையும் வெளியே தள்ளும் விசை என்றால் கிரீம் ஏன் நடுவில் வந்து சேர்கிறது? அடர்த்தி மிகுந்த பால் சுவர்ப்பக்கம் போவதால், அடர்த்தி குறைந்த கொழுப்பு நடுவுக்கு ஒதுக்கப்படுகிறது. குளத்தில் தக்கை மேலே வருவதுபோல். ஹீலியம் அடைத்த பலூனைக் கையில் வைத்துக்கொண்டு காரில் போகும் குழந்தையும் இதைக் காணலாம். கார் வலப்புறம் திரும்பினால் எல்லாரும் இடப்புறம் சாய, பலூன் மட்டும் வலப்புறம் சாயும். இந்த ஒரு காட்சியை விளக்கச் சொன்னால் மனப்பாடக்காரர் திணறிப் போவார். புரிந்தவர் சிரிப்பார்.

ஒரகடம் வழித்தடத்துக்கே உரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. இங்கே டயரும் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் தயாராகின்றன. சாலையோரம் வீல் பேலன்சிங் கடைகளும் உண்டு. சக்கர விளிம்பில் ஒட்டும் சின்ன எடைத் துண்டுகளை எல்லாரும் பார்த்திருப்போம். விளிம்பில் 10 கிராம் மட்டும் ஒருபக்கம் கூடுதலாக இருக்கிறது என்று கொள்வோம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் அந்த 10 கிராம். கணக்குப் போட்டால் அது அச்சை ஒரு கிலோ எடைக்குச் சற்று மேற்பட்ட விசையோடு, ஒரு நொடிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முறை, திசைக்குத் திசை மாற்றி இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் அதிர்வது இதனால்தான். பத்து கிராம் ஒட்டும் தொழிலாளி ஒரு கிலோ விசையை அடக்குகிறார். அவர் பிள்ளையின் பாடநூலில் இந்த உதாரணம் இருப்பதை நாங்கள் பார்த்ததில்லை. குடை ராட்டினம்தான் இருக்கிறது.

படிக்கட்டில் நிற்பவருக்கு என்ன சொல்வோம்?

இப்போது சாலைக்கு வருவோம். நாங்கள் கோபப்படுவதற்கான காரணம் அங்கே இருக்கிறது.

நம் நாட்டில் சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டுகிறோம். பேருந்தின் வாசலும் இடப்புறம்தான். ரவுண்டானாவைச் சுற்றும்போது பேருந்து தொடர்ந்து வலப்புறமாகவே வளைகிறது. அதாவது உள்ளே நிற்பவர்கள் சாய்வது வாசலை நோக்கி. படிக்கட்டில் தொங்குபவருக்கு வாசலுக்கு அப்பால் ஏதுமில்லை. கம்பியைப் பற்றிய கை ஒன்றுதான் அவரை வட்டத்தில் வைத்திருக்கிறது.

அந்தக் கை எவ்வளவு இழுக்க வேண்டும்? 40 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 60 கிலோ ஆள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 5 கிலோ எடையைப் பக்கவாட்டில் தாங்கும் விசை போதும். 40 கிலோமீட்டரில் அது 19 கிலோ. 60 கிலோமீட்டரில் 42 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "வெளியே தள்ளுகிறது" என்ற வாக்கியத்தில் இந்த வர்க்கக் கணக்கு எங்கே இருக்கிறது? இரவு ஷிப்டு முடிந்து கை சோர்ந்து நிற்கும் ஒருவருக்கு 5 கிலோவுக்கும் 19 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு உயிர் வேறுபாடு. தள்ளும் பூதத்தை நம்புபவர் இன்னும் இறுகப் பிடித்தால் போதும் என்று எண்ணுவார். வட்டத்தில் வைப்பது தன் கை என்று அறிந்தவர் உள்ளே ஏறி நிற்பார், ஓட்டுநரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லிச் சத்தம் போடுவார்.

அடுத்தது பேருந்தும் லாரியும். வளைவில் வண்டியை உள்நோக்கி இழுப்பவை இரண்டு: டயரின் உராய்வும் சாலையின் உட்சாய்வும். வெளிவிளிம்பை உயர்த்திச் சாலை போடுவது இதற்காகத்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதிப்படி, சமவெளியில் இச்சாய்வு அதிகபட்சம் நூற்றுக்கு 7. பக்கவாட்டு உராய்வுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வது 0.15. இரண்டும் சேர்ந்து 0.22. இதன்படி 40 மீட்டர் ஆர வளைவுக்குப் பொருந்தும் வேகம் மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். சாய்வே இல்லாத சந்திப்புத் திருப்பமாக இருந்தால் சுமார் 28. அதற்கு மேல் போனால் உடனே வழுக்கும் என்று பொருளில்லை. காய்ந்த சாலை கூடுதலாகவும் தாங்கும். ஆனால் மணலும் மழைநீரும் எண்ணெய்க் கசிவும் உள்ள சாலையை நம்பி அந்தக் கூடுதலைச் செலவழிப்பவர் கடன் வாங்கிச் சூதாடுகிறார்.

"லோடு இருந்தால் வண்டி அழுந்தி நிற்கும், வளைவில் பயமில்லை" என்று ஒரு நம்பிக்கை உண்டு. வழுக்குவதைப் பொறுத்தவரை எடை கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது. எடை கூடினால் உராய்வு எவ்வளவு கூடுகிறதோ அதே அளவுக்குத் தேவைப்படும் மையநோக்கு விசையும் கூடுகிறது. கவிழ்வதைப் பொறுத்தவரை நம்பிக்கை தலைகீழானது. அங்கே தீர்மானிப்பது உயரம். சக்கரங்களுக்கிடையே இரண்டு மீட்டர் அகலம் உள்ள வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 1.4 மீட்டரில் இருந்தால், சமமான 40 மீட்டர் வளைவில் ஏட்டுக்கணக்குப்படி மணிக்கு 60 கிலோமீட்டரில் உள்சக்கரம் தூக்கும். அடுக்கி அடுக்கி எடைமையத்தை 2 மீட்டருக்கு உயர்த்திவிட்டால் 50 கிலோமீட்டரிலேயே தூக்கிவிடும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் நடைமுறையில் இன்னும் குறைந்த வேகத்திலேயே நிகழும். பாதி நிரம்பிய தண்ணீர் லாரி இதைவிட மோசம். திருப்பத்தில் நீர் வெளிப்பக்கச் சுவரில் ஏறி எடைமையத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

மறுநாள் செய்தியில் "லாரி கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது" என்று வருகிறது. இந்த வாக்கியத்தில் எழுவாய் லாரி. குற்றவாளி யாருமில்லை. கொஞ்சம் அறிவியல் கலந்து பேசுகிறவர்கள் "மையவிலக்கு விசையால் கவிழ்ந்தது" என்பார்கள். விதியால் கவிழ்ந்தது என்பதற்கும் இதற்கும் எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. சாலையோரம் நிற்பவர் கூற்றில் இதே நிகழ்ச்சியைச் சொல்லிப் பாருங்கள். அங்கே நான்கு பெயர்கள் வெளிவரும். வேகம்: அதற்கு ஓட்டுநரும், அவருக்கு நேரத்தைக் குறுக்கிக் கொடுத்தவரும் பொறுப்பு. வளைவின் ஆரமும் சாய்வும்: சாலையை வடிவமைத்தவரும் போட்டவரும் பொறுப்பு. உராய்வு: தேய்ந்த டயரை மாற்றாதவரும் மணலை அள்ளாதவரும் பொறுப்பு. எடைமையத்தின் உயரம்: சுமை ஏற்றியவர் பொறுப்பு. மையவிலக்கு விசை என்ற ஒற்றைப் பெயர் இந்த நான்கு பேரையும் ஒளித்து வைக்க உதவுகிறது. எங்கள் சண்டை அந்த ஒளித்து வைத்தலோடுதான்.

இவை எட்டாத அறிவு அல்ல. இதே வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மோட்டார் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே ஓட்டுபவர்கள் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுகிறார்கள். வளைவுக்குள் டயரின் பிடிமானம் முழுவதும் திரும்புவதற்கே வேண்டும், பிரேக்குக்குப் பங்கு கொடுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தளத்தின் அகலத்தைப் பயன்படுத்தி வெளியே தொடங்கி, உள்ளே தொட்டு, வெளியே முடிப்பதும் ஆரத்தைப் பெரிதாக்கத்தான். ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஓடுதளங்கள் கொண்ட ஆய்வு மையமும் இருக்கிறது. பந்தயக்காரருக்கும் பொறியாளருக்கும் தெரிந்தது, அந்தச் சாலையில் அன்றாடம் படிக்கட்டில் நிற்பவருக்கும் அவர் பிள்ளைக்கும் ஏன் போய்ச் சேரவில்லை?

எங்கள் கோரிக்கை

பெ.நா. அப்புசாமி போன்றவர்கள் அறிவியலைத் தமிழில் சொல்வதற்குப் பல பதிற்றாண்டுகள் உழைத்தார்கள். கலைச்சொல் பட்டியல் போட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. சொல்லை வாக்கியத்தில் வைத்து, வாக்கியத்தை வாசகனின் அனுபவத்தில் வைத்துக் காட்டினார்கள். நாம் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. தேர்வில் "மையவிலக்கு விசைக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருக" என்ற வினாவை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, "பேருந்து ரவுண்டானாவைச் சுற்றுகிறது. உள்ளே நிற்பவர் கூற்றாக நான்கு வரியும், சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் கூற்றாக நான்கு வரியும் எழுதுக" என்று கேளுங்கள். தமிழாசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்தே அந்த விடைத்தாளைத் திருத்தலாம். அடுத்த வினாவாக வேகம் இரட்டித்தால் கம்பியைப் பிடித்த கை எத்தனை மடங்கு இழுக்க வேண்டும் என்று கேளுங்கள். நான்கு என்று எழுதும் சேரப்பணஞ்சேரிப் பிள்ளை, அன்று மாலை ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பாவிடமோ அம்மாவிடமோ அதைச் சொல்லாமல் இருக்காது.

"இவ்வளவு நுணுக்கம் பிள்ளைகளுக்குக் குழப்பம்" என்று மறுப்பு வரும் என்பதை அறிவோம். தலைவி கூற்றையும் தோழி கூற்றையும் பிரித்தறியும் வயதில்தான் இந்தப் பாடமும் வருகிறது. அங்கே குழம்பாத பிள்ளை இங்கே மட்டும் ஏன் குழம்பும்? குழப்பம் பிள்ளைகளிடம் இருப்பதாகத் தெரியவில்லை. எட்டு வரி விடையைப் படித்துத் திருத்துவதைவிட மூன்று உதாரணங்களுக்கு டிக் போடுவது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் யாரிடமாவது இருந்தால் சொல்லட்டும், பதில் எழுதக் காத்திருக்கிறோம்.